திருத்திய கையும் எழுதிய கையும்

தமிழிலே நூல் செய்தவரையும் ஆசிரியர் என்கிறோம். அந்நூலுக்கு உரை கண்டவரையும் ஆசிரியர் என்கிறோம். ஏட்டிலே கிடந்ததை அச்சுக்கு ஏற்றியவர் பதிப்பாசிரியர். பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியரே. வகுப்பிலே பிரம்புடன் நிற்பவரும் ஆசிரியரே. வேறு மொழிகள் இவர்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வேலி கட்டியிருக்க, நம்மொழி இவர்கள் எல்லோரையும் ஒரே வீட்டிற் குடியமர்த்தியிருக்கின்றது. ஒரு வீட்டிலே பலர் இருந்தாற் பிணக்கு உண்டாதல் இயல்பு. கதை எழுதியவருக்கும் அதனைத் திருத்தி வெளியிட்டவருக்கும் இடையே எழுந்த பிணக்கொன்றினை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. ஒருவருடைய கதையை அவரறியாமல் மற்றொருவர் திருத்துவது அறமாகுமா? திருத்தப்பட்ட கதைக்குக் கிடைத்த புகழை எழுதியவர் பேசாமல் ஏற்றுக்கொள்வது அறமாகுமா? இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வாறு எண்ணவில்லை. எண்ணம் மாறியதற்கு இரண்டு உரையாடல்கள் காரணமாயின. ஒன்று நாவுலவில் நடைபெற்றது, மற்றது கண்டியில்.

நாவுல, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே கண்டி – யாழ்ப்பாண வீதியில் அமைந்த சிறிய ஊர். வடக்கிலிருந்து மலைநாட்டுக்கு வருபவர் பலருக்கு அது பேருந்தின் கண்ணாடிக்கூடாகக் கடந்துபோகும் ஊராகவே அமைந்துவிடும். ஆனால் அவ்வீதிக்கு ஒரு பழங்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். அவர்களுள் எவரும் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. மலையக மக்கள் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் ஆரம்பித்த நடைபயணம் அதே வழியாக வந்து ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவெய்தியது. அவ்வூர்வலத்தைப் பார்ப்பதற்காக நாவுலவிற் சென்று நின்ற நாளிலேதான், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். மகளுடைய வீட்டில் வசித்து வருகிறார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது அவருடைய வேண்டுகோள். ஊரார் அழைப்பது போல நானும் அவரை மாஸ்டர் என்றே இங்கு குறிப்பிடுகின்றேன்.

மாஸ்டர் மாத்தளைப் பகுதியிலுள்ள றப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்திலே கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறுப் பதிப்பில் அவருடைய சிறுகதை ஒன்று வெளியாயிற்று. அக்காலம் எத்தகைய காலம் என்பதை இளைய வாசகர்கள் நினைவிற்கொள்ளுதல் வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்கிலெடுத்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இலே சமபாதியாகப் பிரிக்கப்பட்டனர். லயத்திலே ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்று கப்பலேற, மற்றது எஞ்சி நின்றது. மாஸ்டரின் கதை அவருடைய சின்னம்மாவைப் பற்றியது. சின்னம்மாவுக்கு இந்தியா செல்லுமாறு கடிதம் வருகின்றது. கையெழுத்துப் பிரதியிலே கதை இவ்வாறு முடிந்திருந்தது: அவள் அக்கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலே செருகிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போகிறாள். குடம் நிரம்பி வழிகின்றது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான்.

பத்திரிகையிலே வந்த கதை வேறு. அதிலே சின்னம்மா கடிதத்தைக் கிழித்தெறிகிறாள். "என் தாய் புதைந்த மண்ணைவிட்டு ஓரடியும் நகரேன்" என்கிறாள். லயத்துப் பெண் ஒருத்தி 'நகரேன்' என்று பேசமாட்டாள் என்பது ஒருபுறமிருக்க, அந்த வரியே கதையைத் தூக்கி நிறுத்திவிட்டது. கூட்டங்களிலே அதனை மேற்கோள் காட்டிப் பேசினார்கள். தோட்டத்துப் பாடசாலை விழாவொன்றிலே நாடகமாக நடித்தார்கள். மாஸ்டர் எங்கு சென்றாலும் 'அந்த வரியை எழுதியவர்' என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். ஐம்பது ஆண்டுகளாக ஒரு தடவையேனும் அவர் அதனை மறுத்ததில்லை.

"அவரு எனக்கு நல்லதுதான் செஞ்சாரு தம்பி. அந்தக் கதையில எனக்குக் கெடச்ச பேருல பாதி அவருக்குச் சேரவேண்டியது. ஆனா பாதின்னு சொன்னா அதுவும் பொய்யாத்தான் போகும்" என்றார் மாஸ்டர்.

இப்பொழுது அவருடைய கதைகளைத் தொகுதியாக வெளியிட இளைஞர் சிலர் முன்வந்திருக்கின்றனர். கையெழுத்துப் பிரதியும் அதிட்டவசமாகத் தப்பியிருக்கின்றது. எந்த முடிவை அச்சிடுவது? இதுவே அவரை வருத்தும் கேள்வி. என்னிடம் முன்னுரை கேட்டவர் இக்கேள்வியையும் சேர்த்தே கையளித்தார்.

முதலில் எழுதியவருடைய உரிமையை நோக்குவோம். சட்டம் இவ்விடயத்திலே ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றது. பேர்ண் உடன்படிக்கையிலே 1928ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ஏற்பாடு, படைப்பைச் சிதைப்பதையும் திரிப்பதையும் எதிர்க்கும் உரிமை, பொருளுரிமையை விற்றுவிட்ட பின்னரும் ஆக்கியவருக்கு உண்டு என்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வுரிமையை ஏற்றிருக்கின்றது. ஆனால் சட்டம் எதிர்ப்பவருக்குத்தான் துணைநிற்கும். எதிர்க்காது வாளாவிருந்து மாலையையும் ஏற்றுக்கொண்டவருக்கு அது சொல்ல என்ன இருக்கிறது? மாஸ்டரின் பிரச்சினை நீதிமன்றத்துக்குரியதன்று.

நம் மரபு என்ன சொல்கின்றது என்று பார்த்தால், அங்கே இரண்டு வகை ஆசிரியர்களைக் காண்கின்றோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவரைத் தொடர்ந்த உ. வே. சாமிநாதையரும் ஒரு வகை. 1887ஆம் ஆண்டு ஒருவர் கலித்தொகையையும் மற்றவர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டனர். ஏட்டிலே ஓரெழுத்து ஐயமாக இருந்தாலும் அதற்காக ஊரூராக அலைந்தவர்கள் இத்தகையோர். தம் கூற்றை மூலத்தினுள்ளே புகுத்துவதைப் பாவமென அஞ்சியவர்கள். பாடபேதத்தைக் கீழே காட்டி, தீர்ப்பை வாசகரிடம் விட்டவர்கள். பத்திரிகை ஆசிரியரோ இதற்கு நேர்மாறான தொழிலைச் செய்பவர். அவருக்கு மூலம் புனிதமன்று. ஞாயிற்றுக்கிழமை காலையிலே வாசகர் கையிற் சேரும் பக்கமே அவருக்கு முதன்மை. முன்னவரைக் கொண்டு பின்னவரை அளப்பது நியாயமாகாது. அங்கே ஆசிரியர் இறந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இங்கே அவர் உயிரோடு இருக்கிறார், தபாற்கந்தோருக்குச் சென்று முத்திரை ஒட்டித் தாமாகவே கதையை அனுப்பியிருக்கிறார். அனுப்பியதே ஒருவகை இசைவு அன்றோ எனக் கேட்கலாம். எனக்கு அவ்வாதம் முற்றாகப் பிடிக்கவில்லை. வைத்தியரிடம் கையை நீட்டியவன் நாடி பார்க்க நீட்டினானேயன்றி, வெட்டிவிட நீட்டவில்லை.

இதைவிடப் பழைய முன்மாதிரி ஒன்று நம்மிடம் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையிலே, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனச் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. குற்றங்கூறும் நோக்கோடு அதங்கோட்டாசான் வினாக்களைத் தொடுத்தார் என்றும், தொல்காப்பியர் அவற்றுக்கெல்லாம் விடை பகர்ந்தார் என்றும் உரைமரபு சொல்லும். கதை வரலாறோ அன்றோ, அதிலே ஒரு கொள்கை அடங்கியிருக்கின்றது. திருத்தம் அவையிலே நடக்கின்றது. எழுதியவர் அங்கே இருக்கிறார். கேட்டவர் பெயர் பாயிரத்திலே நூலோடு நிலைத்துவிட்டது. அரங்கேற்றம் என்ற இவ்வழக்கத்தை நாம் நாட்டியத்துக்கு மாத்திரம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது வேறு விடயம். மாஸ்டருக்கு நேர்ந்ததிலே உறுத்துவது கதை மாறியது அன்று. அவையில்லாமல் மாறியதே என்று அப்பொழுது எனக்குத் தோன்றியது.

இத்தீர்ப்போடுதான் நான் கண்டிக்குச் சென்றேன். அக்கதையைத் திருத்தியவர் அங்கே இருக்கிறார் என மாஸ்டரே முகவரி தந்திருந்தார். எண்பதைக் கடந்தவர், வடபகுதியைச் சேர்ந்தவர், அப்பத்திரிகையில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். குற்றவாளியைச் சந்திக்கப் போகின்ற மனநிலை எனக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆனால் அவருடைய பேச்சிலே பாதிவழி செல்வதற்குள் அம்மனநிலை ஆட்டங்கண்டுவிட்டது.

"தம்பி, கிழமைக்கு நாப்பது கதை வரும். ஒண்டுதான் போடலாம். அந்த ஒண்டையும் வந்தபடி போடேலாது" என்று தொடங்கினார். ஈய எழுத்தைக் கையாலே அடுக்கிய அக்காலத்து அச்சுக்கூடத்தை அவர் விவரித்தார். சனிக்கிழமை மாலை விளம்பரம் ஒன்று வந்து சேரும். அதற்கு இடம்விட நான்கு பத்தி மூன்றாகும். அச்சுக்கோப்பவர் வந்து, 'ஐயா, இருபது வரி கூடுது' என்று நிற்பார். எந்த இருபது வரியைத் தூக்குவது என்பதைத் தீர்மானிக்கக் கிடைப்பது கால்மணி நேரம். எழுதியவர் இருப்பதோ தொலைபேசி இல்லாத தோட்டத்திலே. இந்நிலையிலே அவையைக் கூட்டுவது எங்ஙனம்?

மொழி பற்றியும் கேட்டேன். அறுபதுகளின் தொடக்கத்திலே ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நம்மவர் அறிவர். கதைமாந்தர் பேசுவது போலவே பேசலாமா, அல்லது அது 'இழிசனர் வழக்கு' ஆகிவிடுமா என்று பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் மோதிக்கொண்டனர். அப்போரிலே பேச்சுவழக்கு வென்றது எனப் பொதுவாகக் கூறுவோம். வென்றது உண்மையே. ஆனால் எந்தப் பேச்சு வென்றது? யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் பேச்சு கதைகளுள் இலகுவாக நுழைந்த அளவுக்கு லயத்தின் பேச்சு நுழைந்ததா? அதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. வீரகேசரியிலே மலைநாட்டு எழுத்துக்குப் பக்கம் ஒதுக்கி, சிறுகதைப் போட்டிகள் மூலம் புதியவர்களைத் தேடியெடுத்த எஸ். எம். கார்மேகம் போன்றோர் இல்லாவிடின் இன்னும் தாமதித்திருக்கும். அப்போட்டிக் கதைகள் 1971ஆம் ஆண்டு 'கதைக்கனிகள்' என நூலாயின. 1979இலே தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' வந்தது. 1980இலே மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரின் கதைகளும் 'தோட்டக்காட்டினிலே' என ஒரு தொகுதியாயின. மாத்தளை மண்ணின் பேச்சு அச்சிலே தலைநிமிர்ந்து நின்றது அப்பொழுதுதான். ஓர் எழுத்தாளரைத் திருத்துகின்ற ஆசிரியர் இருந்தார் என்றால், எழுத்தாளர்களை உண்டாக்குகின்ற ஆசிரியரும் இருந்தார். இருவரும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். சில வேளைகளில் இருவரும் ஒரே மனிதர்.

இவ்விடத்திலே டொமினிக் ஜீவாவை நினையாமல் இருக்க முடியாது. 1966ஆம் ஆண்டு ஆகஸ்டிலே 'மல்லிகை'யை ஆரம்பித்த அவர், தாமே ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் இருந்து, இதழ்களைக் கையிலே சுமந்து சென்று விற்றவர். தாமும் சிறுகதையாளர். கதையை எழுதுபவன் கையும் திருத்துபவன் கையும் ஓருடலிலே இருக்குமாயின் இப்பிணக்கு ஓயும் என எண்ணலாம். எழுதிப் பார்த்தவர்கள் அறிவர், அப்பொழுதுதான் அது தொடங்குகின்றது.

கண்டிப் பெரியவர் சொன்னவற்றுள் என்னை மிகவும் பாதித்தது இது: தாம் திருத்திய கதைகள் எதிலும் அவருடைய பெயர் இல்லை. பரிசு பெற்ற கதைகள் அவற்றுள் இருந்தன. பாடப்புத்தகத்திலே சேர்ந்த கதையும் இருந்தது. "நான் செய்தது களவெண்டா, களவெடுத்ததை அந்தாளின்ர வீட்டுக்குள்ளயே வைச்சிட்டு வந்த களவு" என்றார். சிரித்தபடி சொன்னாரெனினும் அதிலே மனத்தாங்கல் இல்லாமலில்லை. மறைவிலே நடந்த திருத்தம் என்று நான் குற்றமாகக் கண்டது, அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தன்னடக்கமாகத் தெரிந்தது. பெயர் வேண்டாத உழைப்பு அது.

உலக இலக்கியத்திலே இப்பிணக்கு புகழ்பெற்ற சான்றுகளைக் கொண்டது. அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் காவரின் தொகுதி ஒன்று 1981இலே வெளிவந்தது. பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ் அதிலே பல கதைகளைப் பாதிக்கும் கீழாகக் குறைத்திருந்தார், முடிவுகளை மாற்றியிருந்தார். வெளியீட்டை நிறுத்துமாறு 1980ஆம் ஆண்டு யூலையிலே காவர் மன்றாடிக் கடிதம் எழுதினார், நூல் நிற்கவில்லை. சொற்சுருக்கத்தின் மன்னர் என உலகம் காவரைக் கொண்டாடியது. 1988இலே அவர் காலமானார். அவர் எழுதிய வடிவம் நூலாக வந்தது 2009ஆம் ஆண்டிலேதான். இரண்டையும் வாசித்தவர்களுள் வெட்டியதே சிறந்தது என்போரும் உளர். மூலமே உயிருள்ளது என்போரும் உளர். காஃப்காவின் கதை இன்னும் முறுகலானது. தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுமாறு நண்பர் மக்ஸ் புறொட்டுக்கு எழுதிவைத்து 1924இலே அவர் இறந்தார். அடுத்த ஆண்டே புறொட் 'விசாரணை'யை வெளியிட்டார். எழுதியவரின் விருப்பமே முடிந்த முடிவு எனக் கொள்வோமாயின் அந்நாவலை நாம் வாசிப்பதே அறத்துக்கு மாறாகும். நான் வாசித்திருக்கிறேன், திரும்பவும் வாசிப்பேன்.

ஆயினும் இவ்விரண்டு சான்றுகளும் மாஸ்டரின் வழக்கிற்குப் போதியன அல்ல. காவரின் கதையிலே இருவர். காஃப்காவின் கதையிலும் இருவர். மாஸ்டரின் வழக்கிலோ மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். சின்னம்மா.

பத்திரிகை வந்த வாரம் அதனை லயத்து இஸ்தோப்பில் வைத்து மாஸ்டர் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் எழுத்தறியாதவர். முடிவை வாசித்தபோது மாஸ்டரின் குரல் தடுமாறியிருக்கின்றது. தம் பிரதியிலே இல்லாத வரி அல்லவா? சின்னம்மா கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தாராம். பிறகு, "நா அப்புடியாடா சொன்னேன்?" என்று கேட்டாராம். மாஸ்டர் விடை சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலே வைத்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாந்தான்" என்றாராம் சின்னம்மா. அடுத்த ஆண்டு அவர் குடும்பத்தோடு தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் சென்றார். நீலகிரிப் பக்கம் குடியேறியதாகக் கடிதம் வந்தது. பின்னர் கடிதங்களும் நின்றுபோயின.

ஓரடியும் நகரேன் என்று அச்சிலே சொன்னவர் கடல் கடந்து போனார். அப்படியாயின் அந்த வரி பொய். ஆனால் அவரே, 'சொல்லியிருக்கலாந்தான்' என்று அதன்மீது பாதிக் கையொப்பம் இட்டுவிட்டார். அது ஏக்கமா, தம்மையே இகழ்ந்துகொண்டதா, பிள்ளை மனம் வருந்தாதிருக்கச் சொன்ன ஆறுதலா? மாஸ்டருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுதியவருக்கும் திருத்தியவருக்கும் இடையே உரிமை யாருக்கு என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, யாருடைய வாழ்வோ அவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். குடம் வழிவதைப் பார்த்து நின்ற மௌனத்தை மாஸ்டர் கண்டார்; அது நிகழ்ந்தது. அம்மௌனத்துக்குள்ளே கிடந்திருக்கக்கூடிய சொல்லைக் கொழும்பிலிருந்த ஒருவர் ஊகித்தார். அது நிகழவில்லை, ஆனால் உரியவர் அதனை முற்றாகத் தள்ளவும் இல்லை. புனைகதை என்பது நிகழ்ந்ததை மட்டும் சொல்வதன்று எனப் பல்கலைக்கழக விரிவுரைகளிலே சொல்லிக்கொள்கிறோம். அக்கூற்றை ஓர் உயிருள்ள முதியவளின் முன்னே வைத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அரசியலும் இதிலே உண்டு. கூட்ட மேடைகளுக்குக் கிழித்தெறிகின்ற சின்னம்மாவே தேவைப்பட்டாள். பேசாமல் தண்ணீருக்குப் போகின்றவளை வைத்துக்கொண்டு மேடையிலே என்ன செய்வது? அவ்வரி பலருக்குத் தெம்பூட்டியிருக்கும். அதனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோர் பேசாமலேதான் போனார்கள். அவர்களுடைய மௌனத்தைப் பதிவுசெய்த கதைகள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றை, நல்லெண்ணத்தோடு, ஒரு பேனா முழக்கமாக மாற்றிவிட்டது. இதனாலேயே, கதை நயத்திலே திருத்தியவர் பக்கம் சிறிது சாய்ந்தாலும், உண்மை என்று வரும்போது நான் மாஸ்டரின் பக்கமே நிற்கின்றேன்.

இவ்வாறு எழுதுகின்ற என் கையும் தூய்மையானதன்று. மேலே மாஸ்டரும் கண்டிப் பெரியவரும் சொன்னவையாக நான் தந்திருக்கும் பேச்சுகள் அவர்கள் சொன்னபடி அல்ல. ஒரு பிற்பகல் முழுவதும் சுற்றிச்சுற்றிப் பேசியவற்றிலே மூன்று நான்கு வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். இடையிலே இருமலும், பேரப்பிள்ளையின் அழுகையும், சொன்னதையே மீளச் சொன்னதும் போயின. எழுத்தாளர் நேர்காணல் என்ற வகை உலகெங்கும் இப்படித்தான் ஆக்கப்படுகின்றது. 1953இலே தொடங்கிய 'பாரிஸ் ரிவியூ' இதழ் தன் நேர்காணல்களை எழுத்தாளர்களிடமே கொடுத்துத் திருத்துவித்து வெளியிடும் வழக்கமுடையது. நம்மிடையே கோமல் சுவாமிநாதனின் 'சுபமங்களா'வும், 2000ஆம் ஆண்டிலே கண்டியிலிருந்து தி. ஞானசேகரன் வெளியிடத் தொடங்கிய 'ஞான'மும் நேர்காணல்களுக்குத் தாராளமாக இடமளித்தன. அவற்றை விரும்பி வாசித்த நாமெல்லாம், செம்மையாக்கப்பட்ட பேச்சையே பேச்சென்று நம்பினோம். நான் எழுதிய பகுதிகளை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டி இசைவு பெற்றேன். சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்ட வழியில்லை.

அன்று மாலை மாஸ்டரும் நானும் நாலந்தைக் கெடிகேயைப் பார்க்கச் சென்றோம். பௌத்தக் கோயிலும் இந்துக் கோயிலும் ஒன்றாகக் கலந்தது போன்ற அக்கற்றளி, முன்னர் வயல்நடுவே நின்றது. மகாவலித் திட்டத்தின்கீழ் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது நீரில் மூழ்குமென்று எழுபதுகளிலே அதனைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டிலே திரும்பவும் அடுக்கினார்கள். 1980 அளவில் அவ்வேலை முடிந்தது. இப்பொழுது அது இருக்கும் இடம் கட்டியவர்கள் தெரிந்தெடுத்த இடம் அன்று. எனினும் போலியென்று அதனை எவரும் சொல்வதில்லை. பெயர்த்தெடுத்து வைத்தது என்பதை யாவரும் அறிவர், அறிவித்தும் இருக்கிறார்கள். நான் அதனையே உவமையாக்கி மாஸ்டரிடம் சொன்னேன்: பத்திரிகையிலே வந்தபடியே கதையை அச்சிடுங்கள், கையெழுத்துப் பிரதியின் முடிவை அடிக்குறிப்பாகத் தாருங்கள், நடந்ததை முன்னுரையிலே நான் எழுதுகிறேன், சிந்தாமணிப் பதிப்பிலே பாடபேதம் காட்டியது போல. எனக்கு அது நல்ல தீர்வாகவே பட்டது.

மாஸ்டர் நெடுநேரம் கல்லைத் தடவிக்கொண்டு நின்றார். "சரிதான் தம்பி. ஆனா சின்னம்மாவ அடிக்குறிப்புக்குள்ள போடச் சொல்லுறீங்களே" என்றார்.

முறையை மாற்றி, பிரதியின் முடிவை மேலேயும் புகழ்பெற்ற வரியைக் கீழேயும் வைக்கலாமே என்றேன். அப்படிச் செய்தால், அந்த வரியை மனப்பாடஞ் செய்து வளர்ந்தவர்கள் தம்மை ஏமாற்றுக்காரன் என்பார்கள் என்றார். சொல்வார்கள்தான். ஐம்பது ஆண்டு மாலைகளை ஒரே பக்கத்திலே கழற்றி வைப்பது எளிதன்று. ஆனால் அதற்கு அஞ்சியே அவர் தயங்கினார் என நான் கருதவில்லை. 'சொல்லியிருக்கலாந்தான்' என்ற சொல்லே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கண்டியிலே நிகழ்ந்ததில் ஒன்றை மாத்திரம் இதுவரை சொல்லாது வைத்திருந்தேன். விடைபெறும்போது கண்டிப் பெரியவரிடம் அந்த வரியை எடுத்துச் சொல்லி, அதனை எழுதும்போது தங்கள் மனத்தில் என்ன இருந்தது எனக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சற்று யோசித்தார். வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நல்ல வரிதான் தம்பி. நான் எழுதினனோ? எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

இதனை மாஸ்டரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அச்சுப்படி அவருடைய மேசையிலே, கடைசிப் பக்கம் திறந்தபடி இருக்கின்றது எனக் கடந்த கிழமை அவருடைய மகள் தொலைபேசியிலே கூறினார்.